முத்திரை சுரண்டிய புத்தகம்

அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் தலைப்புப் பக்கம். அடியில் லண்டன், 1871 என்று அச்சாகியிருந்தது. ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த புனிதவதி பேனாவை மூடிவைத்தாள். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ரெவரண்ட் ஹார்ட்ரிஜ் என்ற மிஷனரி அஸ்ஸாமிலிருந்து மலைகளைத் தாண்டித் திபெத் எல்லைவரை போய் வந்த கதை. சந்தேகமே இல்லை. முதற்பதிப்பு.

கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி வந்தது. ஃபேஸ்புக்கில் நீங்கள் தேடுவதாகப் போட்டிருந்ததைப் பார்த்தேன், வேண்டுமானால் சனிக்கிழமை ரவாங்குக்கு வாருங்கள், வேறு ஒருவரும் கேட்கிறார், இப்படிக்கு ஐவன்.

புனிதவதி மலேசியாவின் கோலசிலாங்கூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் புவியியல் ஆசிரியை. வீடு புக்கிட் பெலிம்பிங்கில். நூறு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் மிஷனரிகள் ஆப்பிரிக்காவுக்கும் பப்புவாவுக்கும் இமயமலைக்கும் நடந்து போய் எழுதிய பயணநூல்களின் முதற்பதிப்புகளைச் சேர்ப்பது அவளுடைய பித்து. கோயில் கமிட்டியில் இருந்தவர்கள் டீச்சர் மதம் மாறப் போகிறாரா என்று அவள் கணவன் உமாபதியிடமே கேட்டிருக்கிறார்கள். சர்ச்சுக்குப் போகிற சக ஆசிரியைகளோ, சாமி கும்பிடும் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரிப்பார்கள். அவளுக்கு அவர்களுடைய பிரசங்கம் முக்கியமில்லை. வழி தெரியாத இடத்தில் ஒரு மனிதன் எப்படி வழி கண்டுபிடித்தான், எங்கே ஏமாந்தான் என்பதுதான் அவளை இழுத்தது.

ஹார்ட்ரிஜ் ஏமாந்த இடம் அவளுக்குத் தெரியும். யாரோ ஒரு வியாபாரி சொன்னதை நம்பி, நிஜத்தில் இல்லாத ஏரி ஒன்றைத் தன் வரைபடத்தில் வரைந்துவிட்டார். இரண்டாம் பதிப்பில் அந்த ஏரியை நீக்கி, படத்தையும் சிறிதாக்கிவிட்டார்கள். முதற்பதிப்பில் மட்டும், மடித்து வைத்த பெரிய வரைபடத்தில், அந்த ஏரி நீல நிறத்தில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இரண்டாம் பதிப்பு அவளிடம் ஏற்கெனவே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் உமாபதி தானும் வருவதாகச் சொன்னான். அரிசி ஆலையில் அவனுக்கு ஓவர்டைம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளே காடியை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வீடு ஒரு தமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. பின்னால் தொழிற்சாலைச் சுவர். ஐவனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணாடித் தொழிற்சாலையின் சீருடைச் சட்டையிலேயே இருந்தான். அவளை உள்ளே விட்டதும் இரும்புக் கிரில்லை இழுத்துப் பூட்டினான். இங்கே திருட்டு ஜாஸ்தி டீச்சர் என்றான். சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை அவள் கவனித்தாள்.

புத்தகம் சாப்பாட்டு மேசைமேல் ஒரு துவாலையில் சுற்றிக் கிடந்தது. பச்சைத் துணி அட்டை. முதுகில் பொன்னெழுத்து மங்கியிருந்தாலும் உதிரவில்லை. அவள் உட்கார்ந்து, கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு திறந்தாள். வண்ணப்படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கயிற்றுப் பாலம், மடாலயம், சுமை தூக்குகிறவர்கள். கடைசி அட்டையோடு ஒட்டியிருந்த வரைபடத்தை மெதுவாகப் பிரித்தாள். ஏரி இருந்தது. அவள் நினைத்திருந்ததைவிட வெளிறிய நீலம்.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளோ. பிறகு பழக்கத்தால் முதல் வெற்றுத்தாளுக்குத் திரும்பினாள். அதன் நடுவில் விரல் பட்ட இடம் சொரசொரப்பாக இருந்தது. தாளைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். முட்டை அளவு இடம் மட்டும் மெலிந்து, வெளிச்சம் ஊடுருவியது. யாரோ பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள்.

"இது யாரோடது ஐவன்?"

"அப்பாவோடது. அவரு செத்துப்போயிட்டாரு. எங்க வீட்டுல யாரும் இத படிக்கப்போறது இல்ல லா."

அப்பாவுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். ஒரு பழைய துரை கொடுத்தார் என்றான். அவன் அவளைப் பார்க்காமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். புனிதவதி வரைபடத்தைத் திருப்பினாள். சுரண்டியவர் அங்கே பார்க்கவில்லை. மூலையில் ஊதா மையில் நீள்வட்ட முத்திரை, அதில் தமிழெழுத்து தெளிவாக இருந்தது. ஆல்டர்டன் தோட்டத் தமிழ்ச் சபை, கலும்பாங்.

அதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் வரைபடத்தை மடித்தாள். எழுந்து போய்விட வேண்டும் என்று முதலில் தோன்றியது. இது திருட்டுப் புத்தகம், வாங்கினால் அவளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அவள் போய்விட்டால் இன்னொருவர் வருவார்.

வாசலில் ஒரு காடி நின்றது. ஐவன் எழுந்து கிரில்லைத் திறந்தான். உள்ளே வந்தவரைப் பார்த்ததும் புனிதவதிக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. கோலாலம்பூரில் பழம்புத்தகக் கடை வைத்திருக்கும் உடையப்பன். பல வருஷமாக அவரிடம்தான் அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல். அவளை அங்கே பார்த்து அவர் திடுக்கிடவில்லை. டீச்சரம்மாவும் வந்துவிட்டீர்களா என்று கேட்டபடி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐவன் மறுபடியும் கிரில்லைப் பூட்டினான்.

உடையப்பன் புத்தகத்தைப் படிக்கவில்லை. வண்ணப்படங்களை மட்டும் விரைவாகப் புரட்டினார். வரைபடத்தைப் பிரித்து, பின்புறம் திருப்பி, ஊதா முத்திரையைப் பார்த்தார். ஐவனை ஒருமுறை முறைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மெல்லிய கத்தி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டை வெட்டுகிற கத்தி.

டீச்சரம்மா வருத்தப்பட வேண்டாம், எழுத்து முழுக்க உங்களுக்கே, எனக்கு வரைபடமும் படங்களும் போதும் என்றார். பினாங்கில் புதிய ஹோட்டல் ஒன்றுக்குச் சுவரில் மாட்டப் பழைய படங்கள் கேட்டிருக்கிறார்களாம். மரச்சட்டம் போட்டுவிட்டால் முத்திரை உள்ளே போய்விடும், யாருக்கும் தொல்லை இல்லை. ஐவன் தலையாட்டினான். இது அவர்கள் முன்பே பேசி வைத்தது என்று அவளுக்குப் புரிந்தது. அவளைக் கூப்பிட்டது மிச்சத்தைத் தள்ளிவிடத்தான்.

அவர் வரைபடத்தின் ஓரத்தை இடக்கையால் அழுத்திக்கொண்டு, அது அட்டையோடு சேர்கிற இடத்தில் கத்தியை வைத்தார். புனிதவதி யோசிக்கவில்லை. தன் உள்ளங்கையைக் கத்தி முனைக்கு முன்னால் வைத்து வரைபடத்தை அழுத்தினாள்.

கத்தி அவள் சுண்டுவிரல் பக்கத்தில் நின்றது. உடையப்பன் அதை விலக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை.

"கைய எடுங்க, டீச்சரம்மா."

"இது சபைப் புத்தகம். வெட்ட விடமாட்டேன்."

ஐவன் அவள் பின்னால் வந்து நின்றான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. கையை எடுக்கும்படி அவனும் சொன்னான். முதல்முறை மரியாதையாகச் சொன்னான், இரண்டாம் முறை அப்படி இல்லை. அவள் கையை எடுக்கவில்லை. வெளியே யாரோ மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. கத்தினால் கேட்குமா என்று யோசித்தாள். தொழிற்சாலை இரைச்சலில் கேட்காது.

உடையப்பன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"உங்க அலமாரியில இருக்கற காங்கோ புத்தகமும் நியூகினி புத்தகமும் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க? இதே சபையிலேருந்துதான். இந்தப் பையன்தான் கொண்டாந்தான். போலீஸ் வந்தா மொதல்ல உங்க வீட்டுக்குத்தான் வரும்."

அந்த இரண்டு புத்தகங்களும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. இரண்டிலும் முதல் தாள் சொரசொரப்பாக இருந்தது. பழைய சொந்தக்காரர் தன் பெயரை அழித்திருப்பார் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியாதவள் இல்லை அவள், பார்க்க விரும்பவில்லை.

உடையப்பன் காத்திருந்தார். அவள் இப்போது கையை எடுத்துவிடுவாள் என்று அவருக்கு நிச்சயமாக இருந்தது.

"வரட்டும்," என்றாள் புனிதவதி. "நானே போய்ச் சொல்றேன். ரெண்டையும் உங்ககிட்டதான் வாங்கினேன்னு சொல்றேன். ரசீது குடுத்தது நீங்கதானே."

பிறகு உடையப்பன் கத்தியின் அலகை உள்ளே தள்ளிச் சட்டைப்பையில் போட்டார். எழுந்து நின்று, கதவைத் திற என்று ஐவனிடம் சொன்னார். ஐவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவர் அவனைப் பொருட்படுத்தவே இல்லை. நான் இங்கே வரவில்லை, உன்னை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் காடியில் ஏறிப் போனார்.

கிரில் திறந்தே கிடந்தது. புனிதவதி ஓடிவிடலாம். ஆனால் புத்தகத்தோடு ஓடினால் அவன் தடுப்பான், புத்தகம் இல்லாமல் போக அவளுக்கு மனமில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐவன் சுவரைக் காலால் உதைத்தான். அவள் மடியிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவதற்குக் கையை நீட்டினான், பிறகு என்ன நினைத்தானோ, தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஏன் எடுத்தாய் என்று அவள் கேட்டாள். அவன் பேச ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை.

அவன் அப்பா காப்ரியல் ஆல்டர்டன் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். பின்னால் எண்ணெய்க்கான செம்பனைக் குலை அறுத்தார். ஓய்ந்த நேரமெல்லாம் அங்கிருந்த சபையின் சின்னக் கிறிஸ்தவ ஆலயத்தில்தான் இருப்பார். கூட்டுவது, துடைப்பது, மணி அடிப்பது, கூரை ஒழுகினால் ஏறி அடைப்பது எல்லாம் அவர்தான். யாரும் சம்பளம் கொடுத்ததில்லை, அவர் கேட்டதுமில்லை. தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் வீடுகளான லயத்தை இடித்தார்கள். குடும்பம் ரவாங்குக்கு வந்தது. ஆலயமும் அதன் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டமும் மட்டும் சபைக்கு மிஞ்சின. இரண்டு வருஷத்துக்கு முன் காப்ரியல் இறந்தார். அங்கேதான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். சபைச் செயலாளர் அபிகெயில் முடியாது என்றுவிட்டார். இருக்கிற இடம் இப்போதைய அங்கத்தினர்களுக்கே போதாது, ரவாங்குக்குப் போனவர்கள் அங்கத்தினர் பட்டியலில் இல்லை.

"அந்த மண்ண கூட்டுனவருக்கு அந்த மண்ணுல எடம் இல்ல, டீச்சர். அலமாரியில கரையான் திங்கிற புஸ்தகத்துக்கு எடம் இருக்கு. அப்பா வச்சிருந்த சாவி எங்கிட்ட இருந்துச்சு. எடுத்தேன்."

அவன் செய்தது சரி என்று புனிதவதியால் சொல்ல முடியாது. அவன் வலி பொய் என்றும் சொல்ல முடியாது.

அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தபோது அவன் அம்மா மவுரீன் வேலை முடிந்து வந்தாள். தொழிற்சாலைக் கேன்டீனில் சமைக்கிறவள். வாசலில் அந்நியக் காடியையும், திறந்த கிரில்லையும், தரையில் உட்கார்ந்திருக்கும் மகனையும் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு புனிதவதியின் மடியில் இருந்த பச்சைப் புத்தகத்தைப் பார்த்தாள். அதை அவளுக்குத் தெரியும். தோட்டத்தின் பழைய வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது ஆலயத்துக்குக் கொடுத்த புத்தகங்களில் ஒன்று. மழைக்காலம் முடிந்ததும் அவளும் காப்ரியலும் அவற்றை வெயிலில் காயவைப்பார்கள்.

யாரும் விளக்காமலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கைப்பையை மேசையில் வைத்தாள். மகன் கன்னத்தில் அறைவாள் என்று புனிதவதி நினைத்தாள். மவுரீன் அவனைத் தொடவில்லை.

"எத்தன எடுத்த?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, நீ என்னோடு ஆலயத்துக்கு வருகிறாய் என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் புனிதவதி, மவுரீன் தன்னிடமே விட்ட பச்சைப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போய் உமாபதியிடம் எல்லாவற்றையும், மூன்று புத்தகங்களையும் மறுநாள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போவதையும் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். வேலை போய்விடும், பென்ஷன் போய்விடும், பேசாமல் பார்சலில் அனுப்பிவிடு என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பெயர் போடாமல் அனுப்பினால் புத்தகம் போய்ச் சேரும், அவளுக்கும் ஆபத்தில்லை. ஆனால் உடையப்பன் அடுத்த ஆலயத்துக்கு ஒருவனைப் பிடிப்பார். அதையும் அவனிடம் சொன்னாள். காலையில் அவனே காடிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

கலும்பாங்கைத் தாண்டிச் செம்பனைக்குள் மண்சாலையில் போனால் ஆல்டர்டன் ஆலயம். தகரக் கூரை, வெள்ளையடித்த சுவர். ஆராதனை முடிந்து ஏழெட்டுக் குடும்பங்கள் வெளியே நின்றன. மவுரீன் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து ஐவனோடு நடந்தே வந்திருந்தாள். அவன் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

அபிகெயில் எழுபதை நெருங்கிய பெண்மணி. முன்பு தோட்டத்து டிஸ்பென்சரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவள். புனிதவதி மூன்று புத்தகங்களையும் ஆலய வாசலில் இருந்த மேசைமேல் வைத்து, எந்தப் புத்தகம் எப்படித் தன்னிடம் வந்தது என்று ஒளிக்காமல் சொன்னாள். அபிகெயில் ஒவ்வொன்றையும் திறந்து முதல் தாளைத் தடவிப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை.

சுரண்டியிருப்பது தெரியாமலா வாங்கினீர்கள் என்று கேட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்துட்டேன்," என்றாள் புனிதவதி.

அலமாரி காலியாக ஆரம்பித்தபோதே அபிகெயில் போலீசில் புகார் கொடுத்திருந்தாள். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இப்போது அவள் ஃபோனை எடுத்தாள். மவுரீன் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மவுரீன் வேலிக்குப் போய் ஐவனைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினாள். அவன் சாவியை மேசைமேல் வைத்தான்.

"இவன் எடுத்தது தப்பு," என்றாள் மவுரீன். "இவன் அப்பாவுக்கு நீங்க செஞ்சது என்னன்னு நீங்களே சொல்லுங்க."

அபிகெயில் அவனைப் பார்த்தாள், வேலிக்கு அப்பால் இருந்த கல்லறைகளைப் பார்த்தாள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள். ஆனாலும் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. போலீசார் வரும்வரை எல்லாரும் அங்கேயே நின்றார்கள். ஒருவர் மட்டும் ஐவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் வாங்கிக் குடித்தான்.

அதன் பிறகு வந்த மாதங்கள் புனிதவதிக்கு எளிதாக இருக்கவில்லை. இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தாள். பள்ளியில் பேச்சு பரவியது. திருட்டுப் புத்தக டீச்சர் என்று மாணவர்கள் சொல்வது அவள் காதுக்கும் வந்தது. தலைமையாசிரியர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். கடைசியில் அவளைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். உடையப்பனின் கடைக்குப் போலீஸ் போனபோது பின்னறையில் சட்டம் போட்ட வரைபடங்களும் அட்டை கழன்ற புத்தகங்களும் கிடைத்தன. எந்தெந்த ஆலயத்துடையவை, எந்தெந்தப் பள்ளியுடையவை என்று தேட அவளையே கூப்பிட்டார்கள். அவர் மேலான வழக்கு இன்னும் முடியவில்லை.

ஐவனின் வழக்கு கோலகுபுபாரு நீதிமன்றத்தில் வந்தது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனைக்கு முன் யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறார்களா என்று கேட்டபோது, பின்வரிசையில் இருந்த அபிகெயில் எழுந்து நின்றாள். அவள் மலாய் மொழியில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பேசினாள். இவனுடைய தகப்பனார் எங்கள் ஆலயத்தைப் பார்த்துக்கொண்டவர், அவரை அடக்கம் செய்ய நாங்கள் இடம் கொடுக்கவில்லை, அந்த முடிவை எடுத்தவள் நான், அது தவறு என்று இப்போது நினைக்கிறேன், அதையும் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். உட்கார்ந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் குற்றம் என்பதால் அவனை நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். தொழிற்சாலை அவனை ஏற்கெனவே வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது. வெளியே தாழ்வாரத்தில் அபிகெயில் அவனை நோக்கி இரண்டடி வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மவுரீனிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். என்ன சொன்னாள் என்று மவுரீன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவள் அழுதாள். அதுவரை அவள் அழுது புனிதவதி பார்த்ததில்லை.

ரயிலுக்கு நேரம் இருந்தது. உமாபதி மவுரீனையும் ஐவனையும் தன் காடியிலேயே ரவாங்கில் விடுவதாகச் சொன்னான். ஐவன் வேண்டாம் என்று சொல்வான் என்று புனிதவதி நினைத்தாள். அவன் பின்சீட்டில் அம்மா பக்கத்தில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டான். ரசா டவுனுக்குள் நுழைந்தபோது அவன் முன்னால் குனிந்து, அங்கிள், அந்தக் கடையில் நிறுத்துங்கள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றான். உமாபதி காடியை ஓரமாக நிறுத்தினான். நான்கு பேரும் இறங்கி ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ரொட்டி சானாய் வரும்வரை மவுரீன் மகனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவன் அவள் கையைத் தட்டிவிடவில்லை.